கொத்துக்கொத்தாக வளரும் சின்னக் கள்ளி: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுக்குச் சென்று திரும்புகிறவர்கள் சாலையோர நர்சரிகளில் கையடக்கத் தொட்டியில் ஒரு சின்னக் கள்ளியை வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. என்னிடம் உள்ள கொத்துகளிலிருந்து கிள்ளி அக்கம்பக்கத்தாருக்கும் உறவினர்களுக்கும் நானும் கொடுத்து வருகிறேன். வாங்கியவர்களும் பெற்றுக்கொண்டவர்களும் சில மாதங்களில் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சேலத்துச் சமவெளிக்கும் சேர்வராயன் மலைக்கும் விடை மாறும் இடங்களில் இரண்டையும் தனித்தனியே சொல்லியிருக்கிறேன்.

இது என்ன செடிங்க? நம்ம ஊர் கள்ளியும் இதுவும் ஒண்ணுதானா?

இங்கே பேசப்படுவது மாமிலேரியா என்ற பேரினத்தைச் சேர்ந்த கள்ளிகள். நம் வீடுகளில் அதிகம் இருப்பது விரல் விரலாக நிமிர்ந்து கொத்தாக வளரும் மாமிலேரியா எலாங்கேட்டா. அதற்கு அடுத்தபடியாக, உருண்டை உருண்டையாகக் குட்டி விடும் திம்பிள் கேக்டஸ் இருக்கிறது. எலாங்கேட்டாவின் சொந்த ஊர் மத்திய மெக்சிகோவின் இதால்கோ, கெரெத்தாரோ, குவானாகுவாத்தோ மாநிலங்களின் வறண்ட மலைப்பகுதி. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பகலில் கடும் வெளிச்சமும் இரவில் குளிர்ச்சியும் உள்ள பாறைச் சரிவுகளில் அது வளர்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல விடைகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். அவற்றை ஒடித்தால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். சப்பாத்திக்கள்ளி மட்டும் இந்தச் சின்னக் கள்ளிக்கு உறவு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் கரடுகளில் பரவியதுதான்.

முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாதுன்னு எங்க அத்தை சொல்றாங்க. வைக்கலாமா?

பெரியவர்களின் மனம் நோக ஒரு செடியை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் விரும்பவில்லை என்றால் பால்கனிச் சுவரின் மேலோ மாடிப்படி ஓரத்திலோ வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்குதான் வெளிச்சமும் அதிகம், ஆகையால் செடிக்கும் அது நன்மையே. செடியின் தன்மையைப் பொறுத்தவரை இது நஞ்சற்றது. எலாங்கேட்டாவின் சாறு தோலை அரிக்காது.

வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆனால் இதற்கு எண்ணிக்கையில் விடை சொல்ல முடியாது. ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியும்வரை நிறைய ஊற்ற வேண்டும்; பின்னர் மண் அடிவரை முழுவதும் காயும்வரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. காய்ந்ததா என்று அறிய ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் காத்திருக்க வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறிவது இன்னும் எளிது. இரண்டு மூன்று முறை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

தினமும் ஒரு தேக்கரண்டி ஊற்றுவதும், தெளிப்பானால் மேலே நீரடிப்பதும்தான் இந்தச் செடிகளை அதிகம் கெடுக்கின்றன. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் ஆழம் போகாது, தண்டின் அடிப்பாகமோ எப்போதும் ஈரத்தில் இருக்கும். இதற்கு எதிரான தவறும் உண்டு. கள்ளிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களின் செடியில் நுண்வேர்கள் காய்ந்து போகின்றன. பிறகு ஒரு நாள் நிறைய ஊற்றும்போது அதை உறிஞ்ச வேர் இருப்பதில்லை, மண்ணில் தங்கிய ஈரம் அழுகலாக முடிகிறது.

தோராயமான கணக்கு வேண்டுமென்றால், நல்ல வெளிச்சமும் நீர் வடியும் மண்ணும் உள்ள சிறிய தொட்டிக்குச் சேலத்தில் தை பிற்பாதி முதல் பங்குனி வரை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை என்று தொடங்குங்கள். ஏற்காட்டில் அதே தொட்டி காய அதற்கு இரு மடங்கு காலம் பிடிக்கலாம். குச்சி சொல்வதே இறுதி.

எங்க வீட்ல போர் தண்ணிதான் வருது. அதை ஊத்தலாமா?

ஊற்றலாம், ஆனால் நெடுநாள் அதையே ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் மண்ணில் படியும். தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளைப் பொருக்கு தோன்றுவது அதன் அறிகுறி. சேலத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பது துணி துவைக்கிறவர்கள் எல்லோரும் அறிந்ததே. மேட்டூர் குடிநீர் வரும் நாளில் ஒரு பாட்டில் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. மழைநீர் அதனினும் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் நீரையும் பயன்படுத்தலாம், அதில் உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

எந்த ஜன்னல்ல வைக்கணும்? இன்டோர் பிளாண்ட்னு சொல்லித்தானே குடுத்தாங்க?

வீட்டுக்குள் வளர்க்க முடியும் என்பது உண்மை. மேசை நடுவிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்திலும் வளர்க்க முடியும் என்பது உண்மையன்று. நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரமாவது நேர் வெயில் அதன் மேல் படவேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் நுனி வெளிறி, மெலிந்து, முட்கள் விலகி நீளும். எலாங்கேட்டா இயல்பாகவே நீளமான தண்டு உடையது என்பதால் பலர் இதை வளர்ச்சி என்று எண்ணி மகிழ்கிறார்கள். புதிதாக வந்த பகுதி பழைய பகுதியைவிட ஒல்லியாக இருந்தால் அது வெளிச்சத்துக்கு ஏங்கும் செடி. அப்படி மெலிந்த பகுதி பிறகு பருக்காது.

கிழக்கு ஜன்னலே எனது முதல் தேர்வு. ஆண்டு முழுவதும் காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் அனலும் படாது. தெற்கு ஜன்னலைப் பற்றி அயல்நாட்டுக் குறிப்புகளில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் பிற்பகுதிவரை வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த நான்கு மாதங்களும் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் நுழைவதே இல்லை. வடக்கு ஜன்னலில்தான் காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும். ஐப்பசி முதல் மாசி வரை தெற்கு ஜன்னல் மிகச் சிறந்த இடம். ஆகையால் தெற்கு ஜன்னல் உள்ளவர்கள் சித்திரையில் ஒருமுறையும் ஆவணி முடிவில் ஒருமுறையும் தொட்டியை இடம் மாற்றினால் போதும். மேற்கு ஜன்னல் என்றால் பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒரு மெல்லிய திரை வேண்டும்.

இருட்டில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றாதீர்கள். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். அவசரப்பட்டால் வெயில்பட்ட பக்கம் வெளிறிப் பின் பழுப்புத் தழும்பாக மாறும். அந்தத் தழும்பு ஆறுவதில்லை.

மண்ணு என்ன போடணும்? ஆத்து மணல் கிடைக்கல, எம்-சாண்ட் போடலாமா?

போடலாம், ஆனால் தூள் முழுவதும் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, சல்லடையில் நிற்கும் பருத்த மணியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாவாக இருக்கும் தூள் இடைவெளிகளை அடைத்து மண்ணைக் கட்டியாக்கிவிடும். நான் கலப்பது இரண்டு பங்கு அலசிய மணல் அல்லது உடைத்த செங்கல் பொடிக்கல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய இலையுரம், சிறிது அடுப்புக்கரித் துண்டு. ஈரமான கலவையைக் கையில் பிடித்துத் திறந்தால் அது உதிர வேண்டும்.

கடையில் வாங்கும் செடி பெரும்பாலும் தென்னை நார்த்தூளிலேயே வருகிறது. நர்சரியில் அது வசதி, எடை குறைவு. வீட்டிலோ அது நெடுநாள் ஈரம் பிடிக்கும், ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காது. வாங்கிய சில வாரங்களில், கடுங்கோடையும் அடைமழையும் இல்லாத நேரமாகப் பார்த்து, வேரைச் சுற்றியுள்ள நார்த்தூளை மெல்ல உதிர்த்துவிட்டு இந்தக் கலவைக்கு மாற்றுங்கள். செடியை மடித்த செய்தித்தாள் பட்டையால் சுற்றிப் பிடித்தால் கையில் முள் ஏறாது. நட்டபின் ஒரு வாரம் நீர் வேண்டாம். அறுந்த வேர் ஆற அந்த அவகாசம் தேவை.

ஓட்டை இல்லாத கண்ணாடிக் கிண்ணத்துல கலர் கல்லு போட்டு வச்சா அழகா இருக்கே?

அழகாக இருக்கும், நெடுநாள் இராது. நீர் வடியும்வரை ஊற்றுவதென்று மேலே சொன்னதை அதில் செய்யவே முடியாது. அடியில் கூழாங்கல் பரப்புவதாலும் பயனில்லை, நீர் வெளியேறாமல் அதே கிண்ணத்தில்தான் தேங்கி நிற்கிறது. துளையுள்ள அகன்ற, ஆழம் குறைந்த மண்தொட்டியே ஏற்றது. வண்ணக் கற்களைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். அந்தப் பொருக்கை முதல் வேலையாகப் பெயர்த்து எடுத்துவிடுங்கள்.

வாங்கினப்போ மேல பூ இருந்துச்சு, ரெண்டு மாசமா வாடவே இல்ல. அப்புறம் ஏன் பூக்கல?

வாடாத பூவாக இருந்தால் அது காகிதம் போல் உலரும் வேறொரு செடியின் பூ. சூடான பசையால் ஒட்டப்பட்டது. மாமிலேரியாவின் பூ சிறியது, சில நாட்களே நிற்கும். எலாங்கேட்டாவில் அது வெளிர் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாயலோடு, தண்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே வளையமாக வரும். முட்கள் தோன்றும் புள்ளியிலிருந்து வராமல் இரண்டு புடைப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்திலிருந்து வருவது இந்தப் பேரினத்தின் அடையாளம். ஒட்டிய பூவைப் பிய்க்க வேண்டாம். வளரும்போது தானே கழலும், அல்லது தண்டருகே கத்தரித்துவிடலாம்.

உண்மைப் பூ வேண்டுமானால் செடிக்குக் குளிர்ந்த, வறண்ட ஓய்வு தேவை. கார்த்திகை இறுதியிலிருந்து தை நடுவரை தண்ணீரை மிகக் குறைத்து, நல்ல வெளிச்சத்தில், இரவுக் குளிர் படும் ஜன்னலோரத்தில் வையுங்கள். ஏற்காட்டு வீடுகளில் இது இயல்பாகவே நடக்கிறது. சேலத்தில் மார்கழி இரவுகளைத் தவறவிடாமல் பயன்படுத்த வேண்டும். தை பிற்பாதியில் மீண்டும் நீர் தொடங்கினால், முதிர்ந்த தண்டுகள் பெரும்பாலும் மாசி, பங்குனியில் மொட்டு விடும்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம். ஐப்பசி ஆனா போதும், அழுகிப் போயிடுது. என்ன பண்றது?

மலையில் குளிர் இந்தச் செடிக்குப் பகையன்று. உலர்ந்த மண்ணில் இருந்தால் ஏற்காட்டுக் குளிரை அது எளிதில் தாங்கும். குளிரும் ஈரமும் சேர்வதுதான் பகை. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாத வாரங்களில் ஊற்றிய நீர் ஆவியாக வழியில்லை. புரட்டாசி முதல் மார்கழி வரை தொட்டியைக் கூரைக்குக் கீழே, காற்று தடையின்றி வந்துபோகும் இடத்தில் வையுங்கள். சில்வர் ஓக் நிழல் விழும் ஜன்னல் என்றால் இன்னும் வெளிச்சமான இடம் தேடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும்போது மட்டும் ஊற்றுங்கள். மண் கலவையில் மணலும் செங்கல்லும் இன்னும் ஒரு பங்கு கூட இருக்கலாம். மண்தொட்டி மலையில் கட்டாயம். பிளாஸ்டிக் தொட்டியைச் சேலத்தில் ஏற்றுக்கொள்வேன், அங்கே ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

சேலத்துல சித்திரை வெயிலுக்கு சுருங்கிப் போச்சு. தண்ணிய கூட்டட்டுமா?

வேண்டாம். இதற்குக் காரணம் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். கள்ளிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்து, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகின்றன. இதற்கு இரவு குளிர்ந்தாக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரமுள்ள சேலத்தில் கோடை இரவுகளில் வெப்பம் இறங்குவதில்லை. சுவர்களே விடியும்வரை அனல் விடும். அப்போது செடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வு கொள்கிறது, லேசாகச் சுருங்கவும் செய்யும். அந்த நேரத்தில் நிறைய ஊற்றினால் உறங்கும் வேர் சூடான சேற்றில் வெந்து போகும்.

சித்திரை, வைகாசியில் நண்பகல் நிழல் கொடுங்கள். பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்தபின், மண் தணிந்ததும் ஓரளவு நீர் விடுங்கள். ஆடிக் காற்றுக்குப் பிறகு அது தானே உப்பி நிமிரும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் இந்தக் கோடை ஓய்வு அவ்வளவாகத் தெரியாது. அங்கே கோடைதான் செடியின் நல்ல வளர்ச்சிக்காலம், குச்சி பார்த்து வழக்கம்போல் ஊற்றலாம்.

ராத்திரில ஆக்சிஜன் விடும், படுக்கையறையில வைங்கன்னு சொல்றாங்களே?

மேலே சொன்ன இரவு நேரத் துளைத் திறப்பிலிருந்துதான் இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். இரவில் அது செய்வது கரியமில வாயுவை உள்ளே எடுப்பது. ஆக்சிஜன் உருவாவது வெளிச்சம் இருக்கும்போதே. மேலும் கையளவு செடி ஓர் அறையின் காற்றை மாற்றிவிடாது. படுக்கையறை ஜன்னலில் வெயில் வந்தால் வையுங்கள்.

தொட்டாலே குட்டிக உதிருது. எடுத்து நடலாமா?

தாராளமாக. திம்பிள் கேக்டஸின் குட்டிகள் லேசான தட்டலுக்கே உதிரும். அது நோயன்று, அந்தச் செடி பரவும் வழி. எலாங்கேட்டாவின் பக்கத் தண்டை அடியில் பிடித்துத் திருகி எடுக்கலாம். எடுத்ததை நிழலில் ஒரு வாரம் அப்படியே வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் போல் ஆனபின் உலர்ந்த கலவையின் மேல் நிறுத்துங்கள், புதைக்க வேண்டாம். மேலும் ஒரு வாரம் கழித்து லேசாக நீர். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடித்துவிடும். சேலத்தில் தை, மாசியும், ஏற்காட்டில் மாசியிலிருந்து சித்திரை வரையும் ஏற்ற காலம்.

உரம் ஏதாச்சும் போடணுமா?

மிகக் குறைவாக. தழைச்சத்து குறைந்து சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து, வளரும் மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். சாணக் கரைசலும் மட்காத எருவும் வேண்டாம். உடல் ஊதி மென்மையாகி, பிறகு பூச்சிக்கும் அழுகலுக்கும் இடம் கொடுக்கும்.

நடுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு. பூச்சியா, செடியோட முடியா?

புடைப்புகளுக்கு இடையில் ஒரே சீராக, எல்லாப் பள்ளங்களிலும் இருந்தால் அது செடியின் இயல்பான ரோமம். அங்கங்கே திட்டாக, ஈர்க்குச்சியால் எடுத்தால் பிசுக்காக நீளும் என்றால் மாவுப்பூச்சி. எறும்பு தொட்டியைச் சுற்றுவது உறுதியான துப்பு. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்பே அதைக் காத்து வளர்க்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையைத் தோய்த்து, மாலை நேரத்தில் ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டு எடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு மாதமாவது தொடர வேண்டும், ஏனெனில் முட்டைகள் பின்னால் பொரிக்கும். வேப்பெண்ணெய் அடித்தால் இரண்டு மூன்று நாள் வெயிலில் வைக்காதீர்கள், உடல் கருகும்.

செடி காரணமின்றி வளராமல் நின்றால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் வெள்ளைத் தூள் போல் மாவுப்பூச்சி குடியேறும். அப்போது வேரைக் கழுவி, பழைய மண்ணை எறிந்துவிட்டுப் புதிதாக நட வேண்டும்.

முள்ளு கையில ஏறிடுச்சு. விஷமா?

விஷமன்று. கண்ணுக்குத் தெரியும் முள்ளைச் சாமணத்தால் எடுத்து, நுண்ணியவற்றை ஒட்டுநாடாவை அழுத்திப் பிரித்து எடுங்கள். சிறு குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரமே நல்லது.

எங்கிட்ட இருக்கறது விரல் விரலா இல்லாம மூளை மாதிரி மடிஞ்சு இருக்கு. நோயா?

நோயன்று. வளரும் முனை ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டுவிட்டதால் வரும் வடிவம். எலாங்கேட்டாவில் இது பரவலாக விரும்பி வளர்க்கப்படுகிறது. அதன் மடிப்புகளில் நீர் தேங்காமல் ஓரத்தில் ஊற்றுங்கள். இடையில் சாதாரண விரல் தண்டு முளைத்தால் உடனே எடுத்துவிடுங்கள், விட்டால் அது வேகமாக வளர்ந்து மடிப்பு வடிவத்தை மூடிவிடும். எடுத்ததை மேலே சொன்ன முறையில் தனியே நடலாம்.

அடிப்பக்கம் பழுப்பாகுது. வயசானதா, அழுகலா? அழுகல்னா காப்பாத்த முடியுமா?

விரலால் அழுத்திப் பாருங்கள். பழுப்பாக, கெட்டியாக, மரப்பட்டை போல் இருந்தால் அது முதுமை. தண்டு அடியில் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தோலைத் தடிக்கச் செய்கிறது. கறுத்து, மெத்தென்று அமுங்கி, நாற்றமோ நீர்க்கசிவோ இருந்தால் அழுகல். பழைய பெரிய கொத்தில் நடுத்தண்டுகள் சில சாவதற்கு, வெளியேயுள்ள தண்டுகள் வெளிச்சத்தையும் காற்றையும் மறைப்பது பெரும்பாலும் காரணம். அப்படியானால் கொத்தைப் பிரித்து நடும் நேரம் வந்துவிட்டது.

அழுகல் என்று தெரிந்த அன்றே செயல்பட வேண்டும். கொத்தை மண்ணிலிருந்து எடுத்து, கெட்டியாக உள்ள தண்டுகளைப் பிரித்து, ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் ஒவ்வொன்றின் அடியையும் குறுக்காக அறுங்கள். வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு மேலே இன்னொரு சீவல் அறுக்க வேண்டும். முகம் முழுவதும் வெளிர் பச்சையாகும்வரை நிறுத்தாதீர்கள். தண்டின் நுனி மட்டும் மிஞ்சினாலும் அது வேர் விடும். வெட்டில் கந்தகத் தூள் தடவி, பெரிய வெட்டு என்பதால் ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் உலர்த்தி, பிறகு குட்டி நடுவது போலவே நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள், தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.